தண்ணீர் வரவில்லை என்று சொன்ன வாய்

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு முற்பகல். நூம்பலில் எங்கள் தெரு முனையில்தான் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும். அதற்கு நேர் எதிரே எங்கள் வீடு. கணவர் அம்பத்தூருக்கு வேலைக்குப் போயிருந்தார், பையன் பள்ளிக்கு. நான் முன்னறையில் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயத்தில் மட்டும் நான் எம்.ஏ. என்று என் கணவர் கிண்டல் செய்வார். காஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தால்தான் கால் நகரும். போனில் யாராவது எச்சரிக்கை வீடியோ அனுப்பினால் போதும், அன்றைக்குத் தூக்கம் கிடையாது. அந்த வாரம் வந்தது, வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டுச் சங்கிலியை அறுக்கிற பெண்களைப் பற்றியது.

கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், எதிரே ஆட்டோ ஓட்டுகிற பெண். ஏழெட்டு ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். சுடிதாருக்கு மேலே தொளதொளவென்று ஒரு ஆம்பளைக் காக்கிச் சட்டை. தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் பேசியதில்லை.

"யக்கா, ஒரு நிமிசம் பாத்ரூம் போய்க்கட்டா?" என்றாள், பின்னால் இருந்த ஆண்களுக்குக் கேட்காத குரலில்.

எங்கள் பாத்ரூம் பக்கத்துச் சந்தில், வெளியே தனியாக இருக்கிறது. அவள் வீட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம். அப்படியும் என் கை தானாகப் போய்த் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது. "தண்ணி வரலம்மா. டேங்க் காலி" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. மொட்டை மாடியில் டேங்க் நிரம்பி, அவளுக்குப் பக்கத்திலேயே குழாய் வழியாகச் சளசளவென்று தண்ணீர் கொட்டியது. காலையில் போட்ட மோட்டாரை நான் மறந்தே போயிருந்தேன். பூட்டை மூன்று தடவை இழுக்கிற எனக்கு அது மறந்து போனது!

அவள் தலை நிமிர்ந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. "மோட்டார ஆஃப் பண்ணிடுக்கா, தண்ணி வீணாப் போவுது" என்று சொல்லிவிட்டு, நனைந்த செருப்போடு திரும்பிப் போனாள்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் அதற்கு வழி வைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஆட்டோ முதலில் நின்றால், அடுத்தது வரட்டும் என்று வீட்டுக்குள்ளேயே நிற்பேன். ஒருநாள் அவசரமாக லைனிங் துணி வாங்கப் பூந்தமல்லி போக வேண்டியிருந்தது. நின்றது அவள் வண்டி மட்டும்தான். தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். அவள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது, கழுத்து வரைக்கும் நிறைந்து. போகும்போது அவள் அதைத் தொடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவள் வண்டியிலேயே திரும்பி வந்தேன். பாட்டில் அப்படியே இருந்தது. உதடு மட்டும் வெடித்திருந்தது. பாத்ரூம் போக இடமில்லாததால்தான் குடிக்காமல் இருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் காசைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

சில நாள் கழித்து அவள் வண்டியைக் காணோம். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் ஆயிற்று. மனசு கேட்காமல், ஸ்டாண்டிலேயே மூத்தவராக இருக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அத்த ஏன்மா கேக்குற, ஆஸ்பத்திரில கீது. குளிர் ஜொரம், ஒண்ணுக்குப் போனா எரிச்சலாம். நாள் பூரா ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம ஓட்டிகினு இருந்துக்குது. நாங்க செவுத்தாண்ட ஒதுங்கிடறோம், அது எங்க போவும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊட்ல வண்டிய வித்துடுன்றாங்களாம். நல்லா ஓட்டும்மா அது. எங்களுக்கே ரிவர்ஸ் கத்துக் குடுக்கும்."

அவளுக்குப் பத்தடி தூரத்திலேயே ஒரு பாத்ரூம் இருந்தது. நான் அதைக் காலி டேங்க் ஆக்கிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள், பாதியாக இளைத்து. அன்று காலை ஒன்பதிலிருந்து ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட வேண்டும், ஆனால் அத்தனை ஆண்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அவள் மானமும் போகக்கூடாது. கடைசியில் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

"ஏம்மா, ஜாக்கெட் அளவு எடுக்கணும்னியே, இப்ப வரியா?" என்றேன் சத்தமாக.

அவள் என்னிடம் ஜாக்கெட் கேட்டதே இல்லை. ஒரு கணம் விழித்தாள். நான் பக்கத்துச் சந்தைக் கண்ணால் காட்டினேன். அவளுக்குப் புரிந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

அவள் வெளியே வந்தபோது நான் ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றிருந்தேன். "அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

சொம்பை வாங்கி மூச்சு விடாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னாக்கா, இன்னிக்கி மோட்டார் ஆஃப்ல கீதா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அதிலிருந்து தினமும் இரண்டு மூன்று தடவை அவள் 'அளவு கொடுக்க' வருவாள். ஸ்டாண்டில் ஒருத்தர், "அண்ணாத்தே, இந்தப் பொண்ணு இன்னா ஜவுளிக் கடையா வெக்கப் போவுது?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. மூத்தவர், "உன் வேலையப் பாரு மாமே" என்று அவரை அடக்கினார். அவருக்கு எல்லாம் தெரியும். அவள் வண்டியை விற்கவில்லை. அந்த பாட்டிலும் மத்தியானத்துக்குள் காலியாகத் தொடங்கியது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு நிஜமாகவே அவளுக்கு அளவெடுத்தேன். தோள் சரியாக உட்காருகிற மாதிரி, இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் வைத்து, ஒரு காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தேன். வாழைக்கன்று கட்டிய வண்டிக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்று, "மொத தடவையா எனக்குன்னு தச்ச சட்டைக்கா" என்றாள். ஆண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ஜவுளிக் கடைக் கிண்டல் செய்தவர்தான் அதிகமாகத் தட்டினார்.

இப்போது ஸ்டாண்டில் மூன்று பெண்கள் ஓட்டுகிறார்கள். மூன்று பேருக்கும் அந்தச் சந்து தெரியும். என் பயம் என்னவோ போகவில்லை. வெளியே கிளம்பினால் இன்றும் வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் பாதி வழியில் நான் திரும்பி ஓடி வருவது, சந்துக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தேனா, வாளியில் தண்ணீர் நிறைத்தேனா என்று பார்க்கத்தான்.