கிரேன்காரரின் வயிறு

அந்த யோகா வகுப்பில் முன்வரிசைக்கு ஆளே கிடையாது. ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பழைய எக்ஸ்ரே அறையைக் காலி செய்து பாய் விரித்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாருமே குடல் அழற்சிக்காரர்கள். அறை விசாலமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரும் பாயைக் கதவோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கதவைத் தாண்டினால் கழிப்பறை. கையைத் தூக்கினால் பக்கத்து ஆளின் மூக்கில் இடிக்கும், பரவாயில்லை. வகுப்பெடுத்த நர்ஸ் கொஞ்ச நாள் முன்வரிசையில் தன்னந்தனியாக நின்று பார்த்தாள். பிறகு தன் பாயையும் சுருட்டிக்கொண்டு கதவுப் பக்கமே வந்துவிட்டாள்.

"நகருங்க, நானும் வர்றேன். அங்கேருந்து கத்திக் கத்தி என் தொண்டைதான் புண்ணாகுது."

"நீங்களுமா மேடம்? வாங்க, வாங்க. நம்ம ஜோதியில கலந்துடுங்க" என்றார் தபால்காரர்.

கிரேன்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கிற தெம்பு அவருக்கு இல்லை. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் கசிகிற வியாதி அவரோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். மாத்திரை பாதி அடக்கும். மீதியை அவர் பல்லைக் கடித்து அடக்குவார். மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை வகுப்புக்கு அனுப்பினாள்.

"கண்ண மூடுங்க. வயித்த கவனிங்க. என்ன தோணுதோ அத அப்படியே பாருங்க" என்றாள் நர்ஸ்.

கிரேன்காரர் கண்ணைத் திறந்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். காலையில எந்திரிச்சா வேற எத பாக்குறேன் நான்? அதுலேருந்து கொஞ்சம் கண்ண எடுக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

நாலைந்து பேர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார்கள்.

நர்ஸ் யோசித்தாள். "சரி, அப்ப வயித்த விடுங்க. உள்ளங்கால பாருங்க. தரை படுற எடம்."

கிரேன்காரரின் உத்தியோகமே கால் தரையில் படாத உத்தியோகம். கோபுரக் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவார். நடுவில் அவசரம் வந்தால் ஏணி ஏணியாக இறங்கி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்திருந்த வழி, வேலை நாளில் எதையும் தின்னாமல் குடிக்காமல் இருப்பது. மனைவி கட்டிக் கொடுக்கும் சாப்பாடு கொக்கிக்குப் போய்விடும். கீழே சுமைகளைக் கொக்கியில் மாட்டி, வயர்லெஸ்ஸில் வழி சொல்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"அண்ணி சமையல் அவ்ளோ மோசமாண்ணே?" என்று ஒருநாள் கேட்டான்.

"வாயில வைக்க முடியாதுடா" என்றார் அவர்.

அந்தப் பட்டினிதான் வகுப்பில் அவரைக் காட்டிக்கொடுத்தது. வேலைக்குக் கிளம்பும் முன் வந்தவர், படுத்திருந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்தார்.

"என்ன சாப்ட்டீங்க?" என்றாள் நர்ஸ்.

"நேத்து சாப்ட்டது."

"தண்ணி?"

அவர் பாயைப் பார்த்தார். மற்றவர்களும் வேறு பக்கம் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் மட்டும் மெதுவாக, "நானும் அப்படித்தான் செய்யறது" என்றாள்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது. "மூச்சுப் பயிற்சி வியாதிய தீர்க்காதுங்க. மாத்திரையயும் நிறுத்தக் கூடாது, சோத்தயும் நிறுத்தக் கூடாது. பயத்துல புரட்டுதா, நெசமாவே வருதான்னு பிரிச்சுக் காட்டும், அவ்ளோதான். மேல மயக்கம் போட்டுட்டீங்கன்னா கீழ நிக்கிறவன் கதி என்ன?"

கீழே நிற்பது கொக்கி. அவர் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

அந்த வாரம்தான் நீளமான இரும்பு பீம்களை ஏற்றும் வேலை வந்தது. சூப்பர்வைசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "நடுவுல எறங்குற வேலை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. புது ஆபரேட்டர் காத்துக்கிட்டு இருக்காரு." கிரேன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பீம் ஏற்றும் நாளன்று காலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறினார். மனைவி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பீம் அந்தரத்தில் தொங்கும்போது அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. கை லிவரில் இருந்தது. அவர் உள்ளங்காலை நினைத்தார். பூட்ஸுக்குள் விரல், அடியில் இரும்புத் தகடு, அதன் அதிர்வு. மூச்சை நீளமாக விட்டார். மெல்ல அடங்கியது. வெறும் பயம். பீம் பாதித் தூரம் நகர்ந்தது. மறுபடி பிடித்தது. இந்த முறை பயமில்லை. வித்தியாசம் தெரிந்தது. தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

"கொக்கி."

"சொல்லுண்ணே."

"பீம கீழ கட்டை மேல எறக்கி வைக்கிறேன். ஆளுங்கள ஒதுக்கு."

"ஏண்ணே? சரியாத்தான போகுது."

"பீமு சரியாத்தான் போகுது. எனக்குத்தான் வயிறு சரியில்ல. குடல்ல வியாதி, ரொம்ப வருஷமா. கக்கூஸ் போகணும்."

பொத்தானை விட்ட பிறகுதான், அந்த வயர்லெஸ் கட்டடம் முழுக்கக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. கீழே கொக்கி கையை வீசி ஆட்களை விரட்டுவது தெரிந்தது.

"ஒதுக்கிட்டேன். மெதுவா எறக்கு." பிறகு, "அப்ப அண்ணி சமையல் நல்லாத்தான் இருக்கு."

"இருக்குடா."

"அதான பாத்தேன். பாவம்ணே அண்ணி."

பீமை வைத்தார், இறங்கினார், தப்பித்தார், மயிரிழையில். கக்கூஸிலிருந்து வெளியே வந்தபோது சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கிரேன் சீட்டு போயிடும்னுதான் சார்."

"இப்ப மட்டும் போகாதா?" அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அவரு சரின்னா சின்ன சுமையெல்லாம் நீங்க பாருங்க. பீமு எல்லாம் நாளையிலேருந்து புது ஆளு. சம்மதமா?"

பாதி சீட்டு. அதற்காக இடிந்துபோக வேண்டும் என்று கிரேன்காரருக்குத் தோன்றியது. ஆனால் அதற்குக்கூட உடம்பில் சக்தியில்லை. அசதி மட்டும்தான் இருந்தது.

"சரி சார். இந்த ஒண்ண நான் முடிச்சிட்டுப் போயிடவா? பாதியில கெடக்கு."

"முடியுமா?"

கிரேன்காரர் மூச்சை விட்டுப் பார்த்தார்.

"இப்ப முடியும். அப்புறமா கேட்டா தெரியாது."

சூப்பர்வைசர் கையை அசைத்தார். கிரேன்காரர் ஏணியில் கால் வைக்கும்போதே, கொக்கி பீமின் சங்கிலியை இழுத்துச் சரிபார்க்க ஆரம்பித்திருந்தான்.