புரோகிராமை வாய் திறக்க வைத்த காலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு அது தேயிலையின் பதத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மேல் வந்தது. எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரியில், நாங்கள் ஸ்டோர் என்போம், கொழுந்து வாட்டுகிற மாடியில் நான் ஒரு பெட்டி மாட்டியிருந்தேன். பெட்டி இலையின் ஈரத்தை அளக்கும். ஈரம் அறுபத்தைந்து சதவீதத்துக்கு இறங்கியதும் என் புரோகிராம் ஃபேனை நிறுத்தும். ஆனால் மூன்று நாளாக ஃபேன் நிற்காமல் ஓடி, இலை அப்பளமாக நொறுங்கியது. "மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா கழட்டிட்டுப் போயிரும்மா," என்றார் அவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஒருத்தி செய்த முதல் பெட்டி அது. கழற்றினால் வேறு எந்த ஸ்டோரும் என்னைப் படியேற விடாது.

புரோகிராமை நாலு முறை படித்தேன். பிழையே இல்லை. திரையில் 'ஃபேன் ஓடுகிறது' என்று ஒரே வரி. ஏன் ஓடுகிறது என்று அது சொல்லாது. ஐயாவுக்குக் குழப்பம் வேண்டாம் என்று அதை ஊமையாக வளர்த்தவளே நான்தான்.

சரி, பேசட்டும் என்று கீழே ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். புரோகிராமைத் தொடங்கும்போது ஒரு சொல் சேர்த்தால் நிமிடத்துக்கு நிமிடம் ஈரம் எவ்வளவு, என்ன முடிவு எடுத்தது என்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். சேர்க்காவிட்டால் பழைய ஒரே வரி. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாம் தடவை வாயைத் திறந்தது. அறுபத்தெட்டு, அறுபத்தேழு, அறுபத்தாறு. சந்தோஷம் தாங்காமல் நாற்காலியிலேயே குதித்தேன்.

பத்து மணித் தேத்தண்ணி குடித்துவிட்டு மாடியில் வேலை செய்கிறவர்கள் திரும்ப ஏறினார்கள். அடுத்த வரியில் ஈரம் தொண்ணூற்றாறு. இலையின் ஈரம் அப்படித் தாவாது. இரண்டிரண்டு படியாக ஓடினேன்.

பெட்டிமேல் சொட்டச் சொட்ட, மழைக்குப் போர்த்துகிற ஒரு கம்பளி. அடுத்த வாட்டுத் தொட்டியில் இலை பரப்பிக்கொண்டிருந்த என் அம்மா சிரித்தாள். "லயத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மழையில தொப்பலா நனைஞ்சிருச்சு. நம்ம பெட்டிதானேன்னு மூணு நாளா அதுலதான் காயப்போடுறேன்."

"அய்யோ அம்மா, இதாலதான் ஃபேன் நிக்காம ஓடுது."

மெஷின்மேல் கை வைப்பவர்களை ஐயா ஸ்டோரில் வைத்திருக்க மாட்டார்; கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிடுவார். அம்மாவின் முழங்கால் மலை ஏறாது. கம்பளியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளிக்கவும் அவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"என்னா, பிழை கெடச்சிச்சா?"

"என் பிழைதாங்க ஐயா. புரோகிராம்லதான்," என்றேன். பெட்டி போனால் போகட்டும்.

அம்மா என் கையிலிருந்த கம்பளியைப் பிடுங்கினாள். "அவ பொய் சொல்றா ஐயா. ஈரத் துணிய நான்தான் பெட்டி மேல போட்டேன். என்னைய மலைக்கு அனுப்புங்க. எம்புள்ள பெட்டியக் கழட்டாதீங்க."

கம்பளி போனதால் ஈரம் அறுபத்தைந்துக்கு இறங்கி, கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாக நின்றது. ஐயா ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் அழுத்திக் கையைத் திறந்தார். இலை உடையாமல் மெதுவாக விரிந்தது; சரியான பதம்.

"பெட்டி இருக்கட்டும்," என்றார். "ஒங்கம்மாவும் இருக்கட்டும்."

அம்மா கம்பளியைக் கொண்டுபோய், பெட்டிக்கு எட்டாத ஓர் ஆணியில் மாட்டினாள்.