புளி வாசனை இல்லாத மண்

செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வால்வைத் திறந்துவிட வருகிற மனிதரை எனக்குப் பிடிக்காது. ஒல்லியான உடம்பு, சாயம்போன காக்கிச் சட்டை, தோளில் நீளமான இரும்புச் சாவி. இந்தக் கோடையில் குழாய்த் தண்ணீரைச் செடிக்கு விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வாசலிலும் செடியடி மண்ணைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். ஒருநாள் என் மல்லிச் செடியடியில் விரல் புதைந்தது.

"கொழாத்தண்ணியா?"

"பாத்திரம் கழுவுன தண்ணிங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை முகர்ந்தார். "புளி வாசனையும் இல்ல, சோப்பு வாசனையும் இல்ல. ஒங்க வீட்ல சோறே ஆக்கலியா?"

எனக்குச் சுரீரென்றது. "வால்வத் தொறந்ததோட ஒங்க வேல முடிஞ்சிது. என் வாசல்ல ஒங்களுக்கு என்ன?"

"தெருக்கோடில இன்னும் கொடம் நெறையல. அவுங்களவிட ஒங்க மல்லிக்குத் தாகம் ஜாஸ்தியோ?" மண்ணை என் காலடியில் உதறிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். அவர் வருகிற நேரத்துக்கு வேண்டுமென்றே வாசலில் நிற்கிறேன். எல்லார் வீட்டு மண்ணையும் சோதிக்கிறவர், என் வீட்டை மட்டும் நிற்காமல் தாண்டிப் போகிறார். என்னை நம்பிவிட்டாரா, கைகழுவிவிட்டாரா, தெரியவில்லை.