கம்பியைப் பிடிக்கச் சொன்னவன்

ஓர் ஆட்டோவைத் தூக்கப் பத்துப் பேர் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று அனகாபுத்தூரில், ஆற்றங்கரைச் சரிவில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற ஆட்டோவைச் சுற்றிப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஓட்டுநர் லுங்கியை மடித்துக் கட்டிச் சேற்றில் நின்றார். தாம்புக்கயிறும் வந்திருந்தது. அந்த இடத்துக்குத் தேவைப்படாதவன் நான் ஒருவன்தான்.

ஆனால் என்னிடம் ஜீப் இருந்தது. ஜீப்பின் முன் பம்பரில் வின்ச் இருந்தது. ஓர் உருளை, அதைச் சுற்றும் மோட்டார், உருளையில் சுருண்டு கிடக்கும் எஃகுக் கம்பிக்கயிறு. ரிமோட்டை அழுத்தினால் கயிறு உள்ளே சுருளும், முனையில் மாட்டியது எதுவானாலும் பின்னாலேயே வரும். ஐம்பதை நெருங்கும் வயதில் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து தாம்பரத்து அடுக்குமாடி வாசலில் தூசியைத் தவிர எதையும் அது இழுத்ததில்லை. சும்மா கிடக்கும் இரும்புக்கு ஓர் ஏக்கம் உண்டு என்று எழுத வருகிறது. இல்லை, அந்த ஏக்கம் என்னுடையது. இரும்பின் மேல் எதற்குப் பழி.

“ஆட்டோவுக்கா சார் கிரேனு?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் இறங்கிக் கொக்கியை இழுத்துக்கொண்டு போனேன்.

விதிகள் எனக்குத் தெரியும். வின்சைப் பொருத்திக் கொடுத்தவர் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார். கம்பி ஓடும்போது யாரும் தொடக் கூடாது. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் ஆட்களை விலக்கி நிறுத்த வேண்டும். நடுவில் ஈரச் சாக்கைப் போட்டால், அறுந்தாலும் வீசி அடிக்காது. கம்பியில் பிசிறு தட்டினால் மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் உருளையை விட்டு நகரக் கூடாது. அன்று காலையிலேயே உருளைச் சுருளில் ஒரு பிசிறு கண்ணில் பட்டது. பார்த்தும் அப்படியே விட்டுவிட்டேன். கையுறை ஒரே ஒரு ஜோடி. அது என் கைகளில் இருந்தது.

கம்பி விறைத்தது. ஆட்டோ அசைந்தது. பதினைந்து பேரின் கைகளுக்கும் வேலை போய்விட்டது. வேலையில்லாத கைகளோடு நிற்க அந்தத் தெருவுக்குத் தெரியாது. நீளமாக, விறைப்பாக ஒன்று கண்ணெதிரே நகர்ந்தால் அந்தக் கைகளுக்கு அது தேர்வடம். ஒருவர் பிடித்தார். பிறகு அடுத்தவர். கடைசியில் வரிசையின் முன்னால், பம்பருக்கு மிக அருகில், ஆட்டோக்காரரே வந்து பிடித்தார். தன் வண்டி வரும்போது தன் கை அதில் இருக்க வேண்டாமா.

இழுத்தது மோட்டார்தான். அவர்கள் பிடித்தது மரியாதைக்கு. நான் ரிமோட்டிலிருந்து கட்டைவிரலை எடுத்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும். எடுக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, தேர்முட்டியில் நிற்கும் தர்மகர்த்தாவைப்போல் கையை உயர்த்தி, “புடிங்க, புடிங்க, அப்படித்தான்” என்றேன்.

கூச்சலோடு கூச்சலாக ஓர் “ஐயோ” வந்தது. உற்சாகம் என்று நினைத்தேன். இரண்டாவது “ஐயோ”வில்தான் உருளையைப் பார்த்தேன். பிசிறு ஆட்டோக்காரருடைய இடது உள்ளங்கையில் தைத்து, விட முடியாத அந்தக் கையைக் கம்பி உள்ளே கொண்டுபோயிருந்தது. விரலை எடுத்தேன். கம்பியை வெளியே விடும் பொத்தான் எது என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது. எத்தனை நொடி என்று இன்றுவரை எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

கை வெளியே வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை இது:

“யோவ், உன்ன யாருய்யா கம்பியப் புடிக்கச் சொன்னது?”

அவர் துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு, வலியில் கண் சொருக, “தப்புதான் சார்” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கிளட்ச் பிடிக்க முடியுமா. ஆட்டோவில் கிளட்ச் இடது கையில்தான். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் போயின. இரண்டு மாதம் கழித்து, மிச்ச விரல்களால் கிளட்சை அமுக்கி அவர் ஓட்டத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் போக நேர்ந்தது. டீக்கடையில் யாரோ அவரை, “இன்னா தேரு, இன்னிக்கி எங்க வடம்?” என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதுவே பெயராகிவிட்டிருந்தது. மெஷின் கம்பியைத் தேர்வடம் என்று பிடித்த மடையன். அவர் சிரித்துக்கொண்டே கடந்துபோனார்.

மறுவாரம் வீடு தேடிப் போனேன். அவர் சவாரிக்குப் போயிருந்தார். அவர் மனைவி லாரித் தண்ணீரைக் குடங்களில் நிரப்பிக்கொண்டிருந்தார். அன்று நான்தான் பிடிக்கச் சொன்னேன் என்றேன். அவர் குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றினார்.

“தெரியும் சார். நானும் அங்கதான இருந்தேன். என் காதுல உழுந்துச்சு. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? அவர தேருங்கறாங்க பாருங்க, அங்க போய் சொல்லுங்க.”

போனேன். வாங்கிய டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்த நாலைந்து பேரிடம் சொன்னேன். தவறு அவருடையது அல்ல, என்னுடையது, பிடிக்கச் சொன்னவன் நான். டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார்.

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்றவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “அவன் மேல பேச்சு வரக் கூடாதுன்னு எப்டி சொல்றாரு பாரு.”

அப்படியில்லை என்றேன். சொல்லச் சொல்ல அங்கே நான் உயர்ந்துகொண்டே போனேன். அதற்குள் அவருடைய ஆட்டோ வந்து நின்றது. “தேரு, சார் உனக்கோசரம் பேசறாரு பாரு” என்று யாரோ சொன்னார்கள். அவர் இறங்கவில்லை. மடங்காத இரண்டு விரல்களும் கிளட்சின் மேல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தன.

“இன்னா சொன்னாரு?” என்று அவர்களைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். “நான் இருக்கசொல்ல ஒரு வாட்டி சொல்லுங்க சார். அன்னிக்கி நீங்க சொன்ன மாதிரியே.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கையை உயர்த்தினேன். “புடிங்க, புடிங்க, அப்படித்தான்” என்றேன், அதே குரலில். பிறகு, யாருய்யா பிடிக்கச் சொன்னது என்று கேட்டதையும் சொன்னேன்.

யாரும் பெரிய மனசு என்று சொல்லவில்லை. பெஞ்சில் ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து ஆட்டோக்காரருக்கு இடம் விட்டார்.