கூடை ஒயர் வலை

எழுபதுகளில் அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. உதவித்தொகை பங்குனியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் படிப்புக்கு முழுக்கு, கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை தயார். செல்தான் தயாராகவில்லை.

செல் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. இரண்டு தகடுகள், நடுவே விரல் நுழையாத சந்து, அதில் மயில்துத்தக் கரைசல் ஓடும். மின்சாரம் கொடுத்தால் ஒரு தகட்டில் செம்பு படிய வேண்டும். எனக்கோ கறுப்புப் பொடிதான் படிந்தது. நடுவில் கரைசல் ஜோராக ஓடியது. தகட்டை ஒட்டியது மட்டும் அசையவே இல்லை. அதிலிருந்த செம்பு தீர்ந்தால் புதுச் செம்பு உள்ளே வர வழியில்லை. மயிலாப்பூர் பஸ்ஸில் படியை அடைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே கதை. சந்துக்குள் ஒரு வலையைச் செருகினால் ஓட்டம் அதில் முட்டிப் புரண்டு தகட்டை அலசிக்கொண்டு போகும்.

"வலை ஃபாரின்லேர்ந்துதான் வரணும்" என்றார் எங்கள் பேராசிரியர். ஃபாரின் என்றால் குண்டூசியைக்கூடக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இறக்குமதி செய்ய, அந்தப் பொருள் இந்தியாவில் கிடைக்காது என்று சான்று தர வேண்டும். ஒரு கடைகூட ஏறி விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டார். தை பிறந்தது, வலை வரவில்லை.

அந்தக் காலத்து மெட்ராஸில் ஒயர் கூடை பின்னத் தெரியாத பெண் இருந்தால்தான் அதிசயம். பாண்டி பஜாரில் ஒரு கட்டு பிளாஸ்டிக் ஒயர் வாங்கி, கூடைக்குப் போடும் சிவன் கண் பின்னலை நெகிழ்த்தி, சந்தின் அளவுக்குப் பின்னிச் செருகினேன். தகட்டில் புதுச் செப்புக்குடம் மாதிரி செம்பு! மின்சாரத்தை இரட்டிப்பாக்கினேன். அப்போதும் பொடி இல்லை. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

சார் வந்து பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்மா, இங்கயே கிடைக்கும்னா நான் போட்ட கையெழுத்து பொய்யாயிடாதா? கழட்டு இதை. ஃபாரின் வலை வரட்டும்."

"தகடு மின்னுதே சார்?"

"கவர்ன்மென்ட் பேப்பர்மா!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் துத்தக் கரைசலை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

மாசி பாதி போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறக்குமதி ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்க ஆபீஸ் கிளார்க்கிடம் போனேன். சைதாப்பேட்டைக்காரர். முழுக் கதையையும் கேட்டார்.

"இன்னாம்மா நீ! ஒயரு கடைல கீது. வல கடைல கீதா? நீ பின்னலன்னா கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்ப சார் எழுதுனது சத்தியம்தானே? போய்ச் சொல்லு."

சொன்னேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதைத்தானேம்மா நானும் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்!" என்றார்.

பங்குனிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். ஐப்பசியில் ஃபாரின் வலை வந்தது. என் வலையில் செம்பு படிந்த அதே மின்சாரத்துக்கு அதில் கறுப்புப் பொடிதான் படிந்தது. சார் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆய்வேட்டின் பொருள் பட்டியலில் 'வலை கிடைத்த இடம்' என்பதற்கு எதிரே என் பெயரைத் தட்டச்சு செய்திருந்தேன். பைண்டு செய்து வந்தபின் பிரித்துப் பார்த்தால், சார் என் பெயரை அடித்துவிட்டுத் தன் கையால் மாற்றியிருந்தார்: 'இந்தியாவில் இல்லை.'

அத்தனை நாளும் நான் மெட்ராஸ் மந்தைவெளியில்தான் இருந்தேன்.