குப்பை மெசினில் போன நூல்

என் கணவரின் உம்மா, எங்கள் மாமி, அன்றைக்குக் குப்பை ஏற்றும் டிரக்டர் மெசினுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்? எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "கிட்டத்தான்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

போன வருடம், பெரும்போக விதைப்புக்குச் சற்று முன்பு, நிந்தவூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவரிடம் ஒரு பெக்கோ இருக்கிறது. அதைக் கொண்டு இறக்காமத்தில் வாய்க்கால் தோண்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் குளத்துத் தண்ணீர் திறப்பதாக இருந்தது. அதற்குள் வேலை முடியாவிட்டால் கடைசியிலுள்ள வயல்களுக்குத் தண்ணீர் போகாது. அந்த நேரம் பார்த்து, பெக்கோவின் கையைத் தூக்கும் சிலிண்டரில் எண்ணெய் ஒழுகத் தொடங்கிவிட்டது. தூக்கிய கை தானாகவே இறங்கியது.

காலையில் போன் எடுத்தார். சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டதால் அவரால் வர முடியாது. உள்ளே இருந்த பழைய றப்பர் வளையங்களை, எங்கள் ஊர் ஆலைக்கு நெல் கொண்டுவரும் லொறிக்காரரிடம் அனுப்பியிருந்தார். கல்முனைக் கடையில் அவற்றைக் காட்டிப் புதிய வளையங்கள் அடங்கிய சீல் கிட் எடுத்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பிப் போகும் அதே லொறியில் நான் கொடுத்துவிட வேண்டும்.

"அப்படியே கொண்டு குடு புள்ள" என்றார். அத்தோடு லைன் போய்விட்டது.

லொறிக்காரர் தந்த டப்பாவைத் திறந்தேன். கறுப்பு கிறீஸில் ஊறிய ஏழெட்டு வளையங்கள், ஒரு அழுக்கு நைலோன் நூலில் கட்டப்பட்டிருந்தன. இந்தக் கோலத்தில் எப்படிக் கடைக்குக் கொண்டுபோவது? நம் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். துடைத்து, பெரியது சிறியது பார்த்து அடுக்கி, மூத்த மகளின் வெள்ளை ரிபனில் கட்டினேன். நூலைக் குப்பையில் போட்டேன். எட்டு மாத மகனை மாமியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் ரிபனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இது பெக்கோவுக்கா, கலியாணத்துக்கா?"

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள். கடைக்காரர் இரண்டு கிட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணெயில் ஊறிய பழைய வளையம் வீங்கிவிடும், அதை நம்பி அளவு எடுத்தால் பிழையாகிவிடும் என்றார். சிலிண்டருக்குள் போய்வரும் இரும்புத் தண்டின் தடிப்புத் தெரிந்தால்தான் சரியானதைக் கொடுக்கலாமாம். இரண்டையும் வாங்கக் கையில் காசு இல்லை. கணவருக்கு எடுத்தால் லைன் இல்லை.

"வரக்குள்ள இத என்னத்தால கட்டியிருந்த?" என்று கேட்டார் கடைக்காரர்.

சொன்னேன்.

"அந்த நூல்தான் அளவு, தங்கச்சி. வயலுக்குள்ள அளக்க ஒண்டும் இல்லாட்டி, தண்டச் சுத்தி நூலப் புடிச்சி வெட்டி அனுப்புவாங்க."

மாமிக்கு எடுத்தேன். குப்பைப் பையை இப்போதுதான் மெசினில் போட்டதாகச் சொன்னார். பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பிலிருந்த மகன் கெக்கலித்துச் சிரிப்பதும், "தம்பி, மெசின நிப்பாட்டுங்க வாப்பா" என்று மாமி கூப்பிடுவதும் கேட்டது. ஊருக்குள் தலை நிமிர்த்தாமல் நடக்கிறவர் அவர். மகன் விழுந்துவிடுவானோ என்று நான் இங்கே துடித்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து அழைப்பு வந்தது. "கெடச்சிட்டு. நம்மட மீன் தலையோடதான் கிடந்த."

தையல் நாடாவில் நூலை அளக்கச் சொன்னேன். பதினைந்து சென்றிமீற்றரும் ஏழு கோடும் என்றார். நூலை இழுத்துப் பிடித்தீர்களா, நாடாவின் நுனியிலிருந்துதான் பார்த்தீர்களா என்று மூன்று தடவை கேட்டேன்.

"உன்ட கலியாணச் சட்டைக்கு அளவெடுத்ததும் நான்தான் புள்ள. அது பிழைச்சதா?"

அந்தச் சுற்றளவை, பள்ளிக்கூடத்தில் படித்த இருபத்திரண்டின் கீழ் ஏழைக் கொண்டு பில் துண்டின் பின்னால் வகுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கல்குலேற்றரில் அடித்தார். இருவருக்கும் ஐம்பது மில்லிமீற்றர். அந்த அளவுக் கிட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலும் இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தேன். லொறிக்காரர் அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஆலை வாசலில் நின்றேன்.

மறுநாள் காலையில் பெக்கோவின் கை தூக்கிய இடத்திலேயே நின்றது. சொன்ன நாளில் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் போனது.

என் கணவர் இன்றுவரை, தான் நூல் அனுப்பியதையும் நான் அதைக் காட்டிச் சரியாக எடுத்ததையும் கூட்டாளிமாரிடம் பெருமையாகச் சொல்கிறார். இப்போது வேறு இரண்டு பெக்கோக்காரர்களின் டப்பாக்களும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. மாமியும் நானும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு டப்பாவையும் பத்துத் தடவை பார்த்த பிறகுதான் தொடுகிறேன். அவர் என்னில் வைத்திருக்கும் நம்பிக்கை, வழியைப் பிழையாகச் செய்து விடை சரியாக வந்த கணக்குப் போல என் மனதில் கிடக்கிறது. வாசகர்களே, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடவா, இப்படியே இருந்துவிடவா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.