ஆறு மணிக்கு நீங்கள் படித்த பக்கங்கள்

பிள்ளைகளா, நேரில் பேசினால் எனக்கு வார்த்தை வராது என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவன் நான். இதில் பிழை இருந்தால், பெரியவளே, நீ திருத்திக்கொள்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள் என்று நீ பீரோவைக் குடைந்தாய். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று கையில் கிடைத்தது. எது கிடைத்தாலும் படித்துப் பார்ப்பது உன் பழக்கம். அதையும் படித்தாய். அம்மாவின் உயிர் போன நேரம் அதில் இருந்தது, மாலை நான்கு முப்பத்தைந்து.

"அன்னிக்கு ஆறு மணிக்கு நாங்க யாருக்கு நைனா படிச்சோம்?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன். மறுநாள் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்தாய். அதற்கப்புறம் ஒன்றும் எடுக்கவில்லை. உன்னைப் பார்த்துத் தம்பியும் நிறுத்திவிட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டில் யாரும் கதைப் புத்தகம் தொட்டதில்லை. அந்தப் பழக்கம் வந்ததே அடையாற்றில், அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டில். அப்போது உங்களைக் கே.கே. நகரில் சித்தி வீட்டில் விட்டிருந்தேன். தி. நகர் ஜவுளிக் கடையில் மதியம் வரை புடவை மடித்துவிட்டு, பஸ் பிடித்து அம்மாவிடம் வந்துவிடுவேன். தினமும் ஆறு மணிக்குச் சித்தி போனிலிருந்து நீங்கள் கூப்பிடுவீர்கள். சாப்பிட்டீர்களா, குளித்தீர்களா என்று அம்மா கேட்பாள். நீங்கள் உம் என்பீர்கள். அதோடு தீர்ந்தது. போனை வைக்கவும் மனசு வராது, பேசவும் ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் நான்தான், பாடப் புத்தகத்திலிருந்து எதையாவது படித்துக் காட்டு என்றேன். நீ அறிவியலில் மண்புழு பாடம் படித்தாய். அம்மா முழுசாகக் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவும் கேட்டார். மண்புழுவுக்குக் கண் கிடையாதாம் என்று மறுநாள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பாடங்கள் தீர்ந்ததும் சித்தி வீட்டுத் தெருக்கோடியில் இருந்த கிளை நூலகத்தில் சேர்ந்தீர்கள். கதைகள் வந்தன. அம்மா குறுக்கே பேசிக்கொண்டே கேட்பாள். கதையில் வருகிற மாமாதான் திருடன் என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டிவிடுவாள். சின்னவன் மூச்சு விடாமல் படிப்பான்.

"புள்ளி வந்தா நில்லுடா. ரயிலு மாரி ஓட்டிக்கினு போற, நான் எந்த ஸ்டேஷன்ல எறங்கறது?"

அவன் சிரிப்பான். அடுத்த வரியிலேயே மறுபடியும் ஓட்டுவான்.

கடைசி மாதத்தில் அவள் பேச்சு குறைந்தது. "ம்" மட்டும் போடுவாள். அது வராவிட்டால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள். அதனால் சில நாள் அவளுக்குப் பதிலாக நான் போட்டேன். உங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு டாக்டர் வெளியே வந்து, அம்மா போய்விட்டாள் என்று சொன்னார். காகிதங்கள் தயாராகும் வரை தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். உங்கள் சித்திக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, போனுக்குக் கை போகவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"நைனா, ஸ்பீக்கர்ல போடு. அம்மாவுக்குக் கேக்குதா?"

"கேக்குது. படி."

போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. தீவில் மாட்டிக்கொண்ட மூன்று பேர் கதை. படகு ஓட்டையை அடைத்துவிட்டார்கள், கடல் தண்ணீர் கரையில் ஏறினால் படகைத் தள்ளிவிடலாம், ஆனால் ஏறவில்லை. நீ மூன்று பக்கம் படித்தாய், சின்னவன் ஒரு பக்கம். அன்றைக்குப் பார்த்து அவன் ஒவ்வொரு புள்ளியிலும் நின்றான். நான் "ம்" போட்டேன்.

சித்திக்கு ஏழு மணிக்கு மேல்தான் சொன்னேன். பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று பொறுத்தேன் என்று உறவுக்காரர்களிடம் சொன்னேன். நல்ல மனசு என்றார்கள். அது உண்மையில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருந்த வரை நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவுதான். அழுகை வரவில்லை. இன்றுவரைக்கும் சரியாக வரவில்லை. உங்கள் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தது, நான் உட்கார்ந்திருந்தேன்.

யாருக்குப் படித்தோம் என்று கேட்டாயே. எனக்கு. அம்மாவுக்கு என்று பொய் சொல்லிவிட்டு நான் கேட்டேன், ஒரு வரி விடாமல். தப்பு புத்தகத்துடையது இல்லை, என்னுடையது. இனிமேல் படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். யாருமில்லாத இடத்தில் படித்தோம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

முடிக்கும்போது, எழுபத்து மூன்றாம் பக்கம் வரை ஆயிற்று, மீதி நாளைக்கு என்றாய். சரி என்று போனை வைத்தேன். கையெழுத்துப் போட யாரோ கொடுத்த பேனா சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் எழுபத்து மூன்று என்று எழுதிக்கொண்டேன்.